பொத்தையில் அடித்த மணி

ஓடுகிறோம். அக்கா முன்னால். நான் பின்னால். டண். டண். டண். பள்ளிக்கூட மணி. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. பிந்திப் போனால் பிரம்படி. என் காலில் முள் ஏறியிருக்கிறது. நொண்டிக்கொண்டு பாறைச் சரிவில் இறங்குகிறேன். அக்கா திரும்பிப் பார்க்கிறாள்.

“ஏட்டி, சீக்கிரம் வா. மணி அடிச்சிட்டு.”

கீழே ஒருவன் சிவப்புத் துணியை ஆட்டுகிறான். ஏதோ கத்துகிறான். ஆடிக் காற்று அவன் சத்தத்தை வாரிக்கொண்டு போகிறது. பிறகுதான் கேட்டது.

“வெடி! வெடி! ஏ பிள்ளையளா, இங்கன வராதீங்க!”

அது பள்ளிக்கூட மணி இல்லை.

இது நடந்தது எழுபத்தொன்பதில். ஆடித்தபசு முடிந்த மறு வாரம். சங்கரன்கோவிலுக்கு மேற்கே, வாசுதேவநல்லூர் போகிற வழியில் எங்கள் ஊர். ஊரை ஒட்டி ஒரு பொத்தை. எங்கள் பக்கம் சின்னக் கல்மலையை அப்படித்தான் சொல்வோம். நான் இதைப் போர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் என்று கேட்கிறார்கள். ஒரு பக்கம் வெடிமருந்து இருந்தது. இன்னொரு பக்கம் வீடு, ஆடு, பிள்ளைகள். தினமும் குனிந்து ஓடினோம். கூரையைப் பொத்துக்கொண்டு கல் விழுந்தது. குழந்தைகளின் தொட்டிலை இடம் மாற்றிக் கட்டினார்கள். இதற்கு வேறு பெயர் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வெடிக்கு முன்னால் அந்தப் பொத்தை எங்களுடையது. எனக்கும் பேச்சி அக்காவுக்கும் சொந்தம். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். உச்சியில் ஒரு சுனை உண்டு. கோடையிலும் வற்றாது. அதன் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு தூரத்தைப் பார்ப்போம். கிழக்கே சங்கரன்கோவில் கோபுரம். அதையும் தாண்டி ரயில் புகை. மேற்கே மலை. மலைமேல் மேகம். அக்காவுக்கு எதன் பின்னாலும் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

“அந்த மலைக்கு அங்கிட்டு என்னட்டி இருக்கும்?”

“கேரளா.” வகுப்பில் சொல்லிக் கொடுத்தது.

“அது எனக்கும் தெரியும். அதுக்கும் அங்கிட்டு?”

“கடல்.”

“அதுக்கும் அங்கிட்டு? நான் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன், இரு.”

இப்படிச் சொன்னவளைத்தான் கொன்றார்கள்.

குவாரிக்காரர்கள் கிழக்குச் சரிவில் தொடங்கினார்கள். வெடி வைக்கும் முன் எச்சரிக்க வேண்டுமே. ஒரு துண்டுத் தண்டவாளத்தை வேப்பமரத்தில் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் துண்டுத் தண்டவாளம்தான் மணி. அதே இரும்பு. அதே சத்தம். குவாரி மணி கேட்டால் ஓடி ஒளிய வேண்டும். பள்ளிக்கூட மணி கேட்டால் ஓடி வர வேண்டும். முதல் வாரமே அம்மா குவாரி மேஸ்திரியிடம் போய் நின்றாள். நானும் கூட நின்றேன்.

“அண்ணாச்சி, ரெண்டு மணியும் ஒண்ணுபோலக் கேக்கு. பிள்ளையளுக்கு எது எதுன்னு தெரியல. நீங்க ஒரு விசில் ஊதுங்களேன்.”

அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான். “பள்ளியோடத்து மணிய மாத்தச் சொல்லுங்க. இல்லன்னா பிள்ளைய வீட்டுல கெட்டிப் போடுங்க.”

அம்மா பள்ளிக்கூடத்துக்கும் நடந்தாள். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மேலே யார் இருந்தார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு முதலில் தரைதான் தூக்கிப் போட்டது. சத்தம் பிறகு வந்தது. அதற்கும் பிறகு கற்கள். பாறை இடுக்கில் விழுந்து கிடக்கிறேன். முள் குத்திய கால் என்னைப் பின்தங்க வைத்துவிட்டது. அக்காவைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. தூசி அடங்குகிறது. பச்சைப் பாவாடை தெரிகிறது. கூப்பிடுகிறேன். அசைவில்லை. மறுபடி கூப்பிடுகிறேன். அப்போது மணி அடிக்கிறது. இது பள்ளிக்கூட மணி.

விளையாட்டுப் பிள்ளைகள், சொன்ன பேச்சுக் கேட்டால்தானே என்று பேசினார்கள். அவள் சொன்ன பேச்சைத்தான் கேட்டாள். மணி அடித்தால் ஓடி வா என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஓடினாள்.

பின்னாளில் எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. பாஸ் கிடைத்தது. மேற்கு மலையைத் தாண்டினேன். கடலைப் பார்த்தேன். அதற்கும் அங்கிட்டுக் கப்பலேறிப் போனேன். ஊர் சுற்றுவதில் உனக்கு அப்படி என்ன ஆசை என்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றவள் அவள். அவள் வேலையை நான் செய்கிறேன். வந்து சொல்லத்தான் ஆள் இல்லை. போகிற இடத்தில் பாதி தின்ற மலை கண்ணில் பட்டால் இறங்கிவிடுவேன். எச்சரிக்கைக்கு என்ன சத்தம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். கிறுக்கச்சி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எண்பத்தைந்துக்குள் பொத்தையைத் தின்று முடித்துவிட்டார்கள். இப்போது அங்கே பாசி பிடித்த தண்ணீர் நிற்கும் பள்ளம். போனவற்றைச் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள். ஒரு பொத்தை. வற்றாத சுனை ஒன்று. மேலத்தெரு ஆடுகள் மூன்று. அம்மாவின் தூக்கம். பேச்சியம்மாள், ஏழாம் வகுப்பு, வயது பன்னிரண்டு.

அவளை அடக்கம் செய்த மறு வாரம் குவாரியை மறுபடி திறந்தார்கள். வேப்பமரத்தில் தண்டவாளம் இல்லை. மேஸ்திரியின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.