சீமைச் சேவலைக் கொன்றது யார்

தாளும் பேனாவும் தயாராக வைத்துத் தலைமையேற்றிருக்கும் பெரிய கங்காணி அமிர்தலிங்கம் அவர்களே, ரப்பர்ப் பால்மரம் சீவிச் சிவந்த கைகளோடு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியில் கிடத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, லாபுவிலிருந்து நடந்தே வந்த உறவினர்களே, உட்கார யாரும் இடம் கொடுக்காததால் அதோ அந்த மரத்தடியில் மனைவியோடு தனித்து நிற்கும் தம்பி மாயாண்டி, உனக்கும் என் வணக்கம்.

முணுமுணுப்பு கேட்கிறது. கேட்கட்டும்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? வியாழக்கிழமை காலை துரையின் பங்களாத் தோட்டத்தில், கப்பலேறி வந்த வெள்ளைச் சீமைச் சேவல் செத்துக் கிடந்தது. வேலியோரம் புல் அறுத்த மாயாண்டியின் கையில் அரிவாள் இருந்தது. சாட்சி அவ்வளவுதான். அவன்தான் கொன்றான் என்று நாமெல்லாம் தாளில் கைநாட்டு வைத்தால், நாம் குடியிருக்கும் லயத்தின்மேல் துரைக்குள்ள கோபம் தணியும். நாளைக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் மாயாண்டியும் தாயம்மாவும் கைக்குழந்தையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தாளை வாசிக்கத்தான் என்னை மேடையேற்றினீர்கள். வாசிப்பதற்கு முன் சேவலைப் பற்றிச் சிறிது பேசுகிறேன்.

"திருநாவுக்கரசு மாமா, சேவக்கதை கேக்கவா வந்தோம்? தாளைப் படிங்க லா" என்கிறார் மருமகன் முருகையா. என் சேவல் ஜெயிச்சப்பல்லாம் என்னைத் தோள்ல தூக்குனீங்களே மருமகனே, இன்னிக்குப் பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க.

குப்பை கிளறும் வீட்டுச் சேவலை அறியாதவர் உண்டா? அதற்கும் கோபம் வரும், கொண்டையில் கொத்தும், சிறகடித்துச் சீறும். நாலு கொத்தில் ஒன்று தோற்று, பெட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மாலையில் இரண்டும் ஒரே கூரையின்கீழ் உறங்கும். சண்டைக்கென்றே வளர்க்கும் கட்டுச்சேவல் அப்படியா? உடன் பொரித்த அண்ணனும் தம்பியும் ஒரு கூடைக்குள் வாழுமா? வாழாது. எதிரே ஒன்று நின்றால் இரண்டில் எது உயிரோடு மிஞ்சும் என்பதே அதன் கேள்வி. அதனால்தான் ஆயுள் முழுதும் அதன் காலில் கயிறு கட்டுகிறோம்.

அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? நான் சேவலைப் பார்த்து இனம் சேர்ப்பவனல்லன், பெட்டையைப் பார்த்துச் சேர்ப்பவன். பருந்து இறங்கும்போது ஓடாமல், ஒளியாமல், குஞ்சுக்கு முன்னால் வந்து நிற்கும் பெட்டையின் முட்டையைத்தான் அடைவைப்பேன். அப்படியொரு பெட்டையை லுக்குட்டில் தேடி வாங்கினேன். ராசா ஊர் வரைக்கும் போய் அதன் வம்சத்தைப் பற்றிப் பெருமை பேசினேன்.

இனிக் காயத்துக்கு வருகிறேன். அரிவாள் பட்டால் வெட்டு நீளமாக விழும். கீரி கடித்தால் கழுத்துக் கிழியும். வீட்டுச் சேவல் கொத்தினால் கொண்டைக் காயத்தோடு போகும். செத்த சேவலைப் புதைக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். இறகை விலக்கிப் பார்த்தேன். கழுத்தோரம் மூன்று துளைகள், கோணி ஊசி இறங்கியது போல. அது காலில் முள் முற்றிய கட்டுச்சேவலின் வேலை. இந்தத் தோட்டத்தில் அப்படிப்பட்ட சேவல் எத்தனை இருக்கிறது? ஒன்றே ஒன்று. அது யாருடையது?

ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்?

என்னுடையதுதான். எப்போதும் கட்டிக் கிடக்கும் சேவல் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இறகு உதிரும் பருவம், சண்டைக்கு நிற்காது என்று நம்பி அன்று கயிற்றை அவிழ்த்தேன். சீமைச் சேவலின் கூவல் அதன் காதில் விழுந்திருக்கிறது. போன சேவல் இரத்தம் காயாத முள்ளோடு என் வாசலுக்கு வந்து, ஊரறியக் கூவியது. நான் என்ன செய்தேன்? அதன் காலைக் கழுவினேன், கூடையைக் கவிழ்த்தேன், வாயை மூடினேன். மூன்று நாள் மூடியிருந்தேன்.

என்ன மயிலம்மா அக்கா, "அடப் பாவி" என்கிறீர்களா? சத்தமாவே சொல்லுங்க அக்கா, எனக்கு அது வேணும்.

குஞ்சுக்கு முன்னால் நிற்கும் பெட்டையைத் தேடித் தேடி வளர்த்தவன், தாயம்மாவின் கைக்குழந்தைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

கங்காணி அவர்களே, அந்தத் தாளைத் தாருங்கள். மாயாண்டியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுகிறேன். சேவல் மேடைக்குப் பின்னால் கூடையில் இருக்கிறது. நாளைப் பெரட்டுக்கு முன் நானே அதைப் பங்களாவுக்குத் தூக்கிப் போகிறேன். துரை அதை அறுக்கலாம், என்னைத் தோட்டத்தை விட்டே துரத்தலாம். பயமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பாவி என்று சொன்ன அக்காவுக்கும் என் நன்றி. மாயாண்டி, தாயம்மா, மரத்தடியை விட்டு முன்வரிசைக்கு வாருங்கள். தாய்மார்களே, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் நான் இறங்குவேன். அதுவரை கூப்பிய கையோடு நிற்கிறேன், வணக்கம்.