நடுவில் ரெண்டு கட்டை

— அண்ணி, கீபோர்டுல ஏன் பொட்டு ஒட்டுறீங்க? சாயந்திரம் கச்சேரிக்கு எடுத்துட்டுப் போவணும்.

— அடையாளத்துக்குத்தான் கோபி. உங்க அண்ணன் தவறிப் போயி எட்டு மாசம் ஆவுது. அவரு கூப்புடுற சத்தம் எனக்கு மறந்துக்கினே வருது. எந்தக் கட்டைன்னு தெரிஞ்சா நானே ஒண்ணு வாங்கி, அமுக்கிக் கேட்டுக்குவேன்.

— வீடியோ இல்லையா?

— எல்லாத்துலயும் சிரிக்கிறாரு. தட்டாஞ்சாவடியில வேலை முடிஞ்சு வந்து, வண்டிய நிறுத்திட்டு 'பூர்ணி...மா'ன்னு பொண்ணக் கூப்புடுவாரே, அதை யாரு புடிச்சு வெச்சா? கனவுல வராரு. வாயி அசையுது. சத்தம் மட்டும் வரல.

— சரி, கேளுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இதுவா?

— அய்யே, ரொம்பப் பள்ளம்.

— இது?

— ரெட்டியார்பாளையத்துல பாதி வீட்டுக் காலிங்பெல்லு இதான். வெளையாடாத.

— வெளையாடல. மேல இருக்கிறத ஒரே ஒரு கட்டை எறக்குறேன். இப்ப?

— இன்னொரு தடவ அமுக்குப்பா.

— கறுப்பையும் சேத்து எண்ணுங்க. நடுவுல ரெண்டு கட்டை சும்மா கெடக்குதா? சின்ன காந்தாரத்துலேருந்து சட்ஜத்துக்கு எறங்குறது.

— பேரெல்லாம் எனக்கெதுக்கு. ஆனா அவரு குரலு இவ்ளோ கீச்சுன்னு இருக்காதே.

— கீழேருந்து வாசிக்கிறேன். இது வேற கட்டைங்க. நடுவுல மட்டும் அதே ரெண்டு.

— அட! சளி புடிச்சிருந்தா இப்டித்தான் கூப்புடுவாரு!

— எங்கேருந்து ஆரம்பிச்சாலும் அண்ணன்தான். அந்த எடவெளி மாறாம இருந்தா போதும். அதான் பொட்டு வேணாங்கிறேன். பாடிப் பாருங்க.

— நானா? கோயில் கும்மியிலயே வாயத் தொறக்காதவ.

— சும்மா 'ம்ம்... ம்ம்'னு.

— ம்ம்... ம்ம்.

— பள்ளமாயிட்டுது. கொஞ்சம் கம்மியா எறங்குங்க.

— ம்ம்... ம்ம்.

— கிட்ட வந்துட்டீங்க.

— ம்ம்... போதும்பா, வெக்கமா இருக்கு. அய்யோ, தூறுது பாரு! மாடியில துணி கெடக்கு. பொண்ணு மாடி ரூம்புலதான் தூங்குறா.

— நான் போயி எடுக்கவா?

— நீ இரு. பூர்ணி...மா!

— அப்பா! தோ வந்துட்டேன்!