எல்லாம் ஒரே இடத்தில்

வீட்டில் கத்தரிக்கோலை எடுத்தவர்கள் எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் எனக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருக்கும். என் தொழிலும் ஏறக்குறைய அதுதான், ஐயா. ஒரு நிறுவனத்தின் தகவல்கள் நாலைந்து கிளவுட் கணக்குகளில் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பிரதியெடுத்து ஒரே டேட்டாபேஸில் கொண்டுவந்து சேர்ப்பேன். அதன்பிறகு அங்கே ஒரு எழுத்து மாறினாலும் இங்கேயும் தானாக மாறிவிடும்.

காவல் நிலையம் என்றாலும் நீங்கள் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்கிறீர்கள். நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த அமைப்பு, புருஷனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்களை ஒளித்துவைக்கும் அமைப்பு. தங்கும் வீடுகளின் விவரம் ஒரு கணக்கில் இருந்தது. மருத்துவம் வேறொன்றில். பிள்ளைகளின் பள்ளி, வாடகைக் கார், காவலாளிகளின் வருகை எல்லாமே தனித்தனி. சிகிச்சைக்கு வந்தவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று மருத்துவருக்கே தெரியாது. அறிக்கை கேட்டு மேலிடம் நச்சரித்ததில் இயக்குநர் அம்மா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அத்தனையையும் ஒரே திரையில் காட்டுகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

வீடுகளுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

“தம்பி, இது சோம்பேறித்தனத்துல இப்படிக் கிடக்கல. வேணும்னேதான் பிரிச்சு வெச்சிருக்கோம். எல்லாம் ஒருத்தன் கையில சிக்கக் கூடாது.”

“என் கையிலதானேக்கா இருக்கப் போகுது?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் திருடன் என்கிறாளா இவள்? என்ன திமிர்.

கணக்குகளை இணைக்க ஒரு பொது எண் வேண்டும். அவர்களோ ஒரே பெண்ணுக்குக் கணக்குக்குக் கணக்கு வேறு வேறு எண்ணும் வேறு வேறு பெயரும் கொடுத்திருந்தார்கள். ஒருத்திக்கு எல்லா இடத்திலும் ஒரே எண்ணைப் போடுங்கள் என்று கேட்டது நான்தான். இயக்குநர் அம்மா உத்தரவு போட்டார். அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தது நான். மாப்பிள்ளை பார்த்தது நான். அவன் என் கூடப் படித்தவன், எனக்கு உயிர் நண்பன். ஒரு நாள் வீங்கிய மணிக்கட்டோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணா, இனிமே நான் அங்க போக மாட்டேன். என்னைக் கொன்னுடுவேன்னு சொல்றார். சும்மா சொல்லல, செய்வார்.”

“கோவத்துல ஆயிரம் சொல்வான். அதுக்காக மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடுவியா?” என்றேன். நானே என் காரில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் இறங்கி அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே காணாமல் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளை என் அலுவலகத்துக்கே வந்து, “உன் தங்கச்சிய எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?” என்று அத்தனை பேர் முன்னாலும் சட்டையைப் பிடித்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள்மேல் வந்தது. வளர்த்த அண்ணனைவிட ஊர் பேர் தெரியாதவர்கள் உசத்தியாகப் போய்விட்டார்களா? சோறு இறங்கவில்லை, ஐயா. அவளுடைய தோழி ஒருத்தியைத் துருவிக் கேட்டதில் அந்த அமைப்பின் பெயர் வந்தது. அதன்பிறகுதான் அந்த வேலையைத் தேடிப் போனேன்.

பெயரை மாற்றலாம். தங்கை மகளின் கண்ணை மாற்ற முடியுமா? குழந்தைக்கு மாறுகண். நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டு மறைத்துப் பழக்கச் சொல்லியிருந்தார்கள். மருத்துவக் கணக்கில் மட்டும் தேடியிருந்தால், ஒட்டுப் போட்ட ஒரு பெண் குழந்தை என்பதோடு நின்றிருக்கும். என் டேட்டாபேஸில் அந்தத் தாயின் எண்ணைப் பிடித்தேன். கார் இறக்கிவிட்ட தெரு வந்தது. வீடு வந்தது. பள்ளியும் வந்தது. எல்லாம் ஒரே வரியில். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

முகவரியை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். புருஷனுக்குப் பெண்டாட்டி இருக்கும் இடத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். பேசி அழைத்துவருவான் என்றுதான் நினைத்தேன். சமையலறையில் வைத்து அவளைக் குத்திக் கொன்றது அவன். கத்தி அவன் கையில் இருந்தது. நான் அப்போது அமைப்பின் அலுவலகத்தில் இயக்குநர் அம்மாவுக்குத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். தகவல் வந்ததும் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த அக்காவை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அவன் இதைத்தான் செய்வான் என்று எனக்குத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாது. எத்தனை தடவை கேட்டாலும் அதுதான் பதில். கூடப் பிறந்தவளுக்குக் கெடுதல் நினைப்பேனா? என்னவோ நான் கல்நெஞ்சக்காரன் என்பதுபோல் பேசுகிறீர்கள். முகவரியோடு நிறுத்தாமல், காவலாளி சாப்பிடப் போகும் நேரத்தையும் பார்த்து அவனுக்கு அனுப்பியவன் நான். அதிலும் சனிக்கிழமை வேண்டாம், பள்ளி இருக்கும் நாளாகப் பார்த்துப் போ என்று எழுதினேன். தாய்மாமன் இல்லையா, ஐயா? அதையெல்லாம் அந்தக் குழந்தை பார்க்கக் கூடாது.