கயல்விழி நின்ற வரிசை

வரிசையில் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. திருத்தணியில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான குணம்தான். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் மலையடிவாரத்திலிருந்து ஊர் முழுக்க வரிசையாகத்தான் இருக்கும். என் அப்பா ஐந்து மணி நேரம் கால் கடுக்க நின்று கும்பிட்டுவிட்டு, அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நான் கையில் நாலு காசு பார்த்ததிலிருந்து சிறப்பு தரிசனச் சீட்டு இல்லாமல் மலையேறியதில்லை. சாமியைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. முன்னால் நிற்பவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வரும்.

காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், ஐயா. என் பெயர் ராஜமாணிக்கம், வயது ஐம்பத்து மூன்று. பொதட்டூர்பேட்டையில் லுங்கி எடுத்து மலேசியாவில் நம் ஆட்கள் வைத்திருக்கும் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வருடமாகப் போய்வருகிறேன். கயல்விழி என் தம்பி தணிகைமணியின் மனைவி. விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையில் நின்றவள் அங்கேயே விழுந்தாள், அன்று மாலைக்குள் இறந்தாள். நான்தான் காரணம் என்கிறீர்கள். வரிசைக்கும் அதில் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது.

அடிக்கடி பறக்கிறவன் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. போகும்போது பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று என்பார்கள். நான் வெள்ளி அரைஞாண் கட்டியிருக்கிறேன், அது ஒவ்வொரு முறையும் கத்தும், ஒவ்வொரு முறையும் சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். திரும்பி வரும்போது மூன்று விமானம் ஒன்றாக இறங்கும். பத்து கவுண்டர் இருக்கும், மூன்றில்தான் ஆள் இருப்பார்கள். நாடா கட்டி வளைத்து வளைத்து விட்ட பாதையில் அதே முகங்களை ஏழு தடவை பார்ப்பேன். ஒருநாள் இரண்டே முக்கால் மணி நேரம் நின்றேன். பன்னிரண்டு வருடம் ஒழுங்காக வந்துபோகிற ஒருவனை, முதல் தடவை வருகிறவனோடு சேர்த்து நிறுத்தி வைப்பது என்ன நியாயம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால்தான் நம்பிக்கைக்குரிய பயணிகளுக்கென்று ஒரு திட்டம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக விண்ணப்பம் போட்டேன். விசாரித்தார்கள். விரல் ரேகை எடுத்தார்கள், முகத்தைப் படம் பிடித்தார்கள். ஒன்றரை மாதத்தில் பதிவு கிடைத்துவிட்டது என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. கல்யாணப் பத்திரிகை வந்ததுபோல அதை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். அடுத்த பயணத்தில் கண்ணாடி வாசலில் பாஸ்போர்ட்டை வைத்தேன், கேமராவைப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது. இருபத்திரண்டு நொடி. எண்ணிப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் நான்கு தடவை நானே வயிற்றில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எப்படியும் கண்டுபிடிப்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ரப்பர் உறை சுற்றிய உருண்டைகள். அவற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும். ஆனால் பதிவு கிடைத்த நாளிலிருந்து நான் ஒரு உருண்டைகூடச் சுமந்ததில்லை. அரசாங்கமே என்னை நம்பி ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது, அதற்கு நான் துரோகம் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் இன்றுவரை உறுதியாக இருக்கிறேன்.

சுமக்க வேறு ஆள் தேவைப்பட்டது.

கயல்விழியை நான் வற்புறுத்தவில்லை. தணிகைமணி ஏழு வருடத்துக்கு முன்னால் சுற்றுலா விசாவில் மலேசியா போனவன், அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் தங்கிவிட்டான். பாஸ்போர்ட்டும் காலாவதியாகிவிட்டது. வெளியே வந்தால் பிடிப்பார்கள் என்ற பயம். அவன் போனபோது மகள் சினேகாவுக்குப் பதினோரு மாதம், இப்போது எட்டு வயது ஆகப்போகிறது. கயல்விழி வீட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டு பிள்ளையை வளர்த்தாள். மாதாமாதம் கிருத்திகைக்கு விரதமிருந்து மலைக்கு வருவாள், சாமி கும்பிட்டுவிட்டு நேராக என் கடைக்கு வருவாள். நான் அங்கே போய்வந்திருந்தால் கேள்விமேல் கேள்வி கேட்பாள். இளைத்திருக்கிறாரா, யார் சமைக்கிறார்கள், இருமல் போய்விட்டதா. ஒரு தடவை அவன் கொடுத்தனுப்பிய துண்டை வாங்கி, கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் முகத்தில் வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணனை பாவா என்பார்கள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பாவா, ஒரே ஒரு வாட்டி என்ன இட்டுகினு போங்க," என்று மாசி மாதம் கேட்டாள். "ரெண்டு நாளு போதும். அவரத் தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"செலவ நான் பாத்துக்கறேன். ஆனா வரும்போது ஒரு ஒதவி பண்ணணும்," என்றேன்.

என்ன உதவி என்று விளக்கினேன்.

"தங்கமா பாவா? வேற ஒண்ணும் இல்லியே?"

"ஆங், தங்கம்தான். மத்த பொம்பளைங்க கழுத்துல போட்டுகினு வர்றாங்க, நீ வயித்துல வச்சுகினு வரப்போற. அவ்ளோதான்."

தணிகை மலையைப் பார்த்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். தங்கம் என்றால் நம் பெண்களுக்குப் பயம் தெளிந்துவிடும். பயந்தால் வியர்க்கும், வியர்த்தால் மாட்டிக்கொள்வார்கள். அவள் நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

ஒரு வாரம் பழக்கினேன். பன்னீர் திராட்சையைக் கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். அவள் வீட்டுக் கூடத்தில் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து விழுங்குவாள், கண்ணில் தண்ணீர் வரும், சினேகா ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கை தட்டுவாள். ஐந்தாம் நாள் நாற்பதைத் தாண்டினாள். தணிகைமணிக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணன் பாசத்தில் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தான்.

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் அந்தப் பதிவை வாங்கிக் கொடுக்க நான் முயன்றேன். விண்ணப்பம் போட்டு, பதிவு மையத்துக்கு நானே கூட்டிப்போனேன். பாவு இழுத்து, அறுந்த இழையை முடிந்து முடிந்து அவள் விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. இயந்திரத்தில் ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள், எண்ணெய் தடவி வைத்தாள், மூன்று முறையும் சிவப்பு. இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இயந்திரத்தைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. அன்றைக்கு அது அவள் விரலை ஏற்றுக்கொண்டிருந்தால் அவளும் இருபத்திரண்டு நொடியில் வெளியே வந்திருப்பாள்.

திரும்பும் நாளைக் கிருத்திகையாகப் பார்த்து நான்தான் தேர்ந்தெடுத்தேன். வயிற்றில் சுமப்பவர்கள் விமானத்தில் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது. நாலு மணி நேரம் எதையும் தொடாமல் வருகிறவர்களைப் பணிப்பெண்கள் கவனிப்பார்கள், கீழே சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. நெற்றியில் திருநீறு, வாயில் விரதம், அதில் பொய் ஒரு துளி கிடையாது. இதற்கு முன்னால் இரண்டு பெண்கள் இப்படித்தான் நல்லபடியாக வந்தார்கள். யோசனை என்னுடையது. அதற்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள்.

இரண்டு நாள் அவனோடு இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் கூட்டிப்போன வீட்டில் உட்கார்ந்து ஐம்பத்தெட்டு உருண்டைகளை விழுங்கினாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, "அவருக்கு முடி நரைச்சிடுச்சு பாவா," என்று சொல்லிச் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

விமானத்தில் நான் முன்னால், அவள் இருபத்தேழாவது வரிசையில். ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மதியம் ஒன்றேகாலுக்கு இறங்கினோம். கண்ணாடி வாசல் வழியாக நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அந்த வாசல் ஒரு பக்கம்தான் திறக்கும், திரும்பிப் போக முடியாது. அன்றும் மூன்று விமானம் ஒன்றாக இறங்கியிருந்தது. அன்றும் மூன்று கவுண்டர்தான். ஒரு தூணோரமாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் நின்றாள். இரண்டாவது வளைவில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூன்றாவது வளைவில் மறுபடி துடைத்தாள், நாடா கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இவள் இரண்டு கையையும் கூப்பி வேண்டாம் என்றாள். பிறகு தலையைத் தூக்கி என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள். நான் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு கவுண்டரில் அலுவலர் எழுந்து போய்விட்டார், மாற்று ஆள் வரவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரிடமாவது போய்ச் சத்தம் போடலாமா என்று நினைத்தேன், ஆனால் நம்பிக்கைக்குரிய பயணி அப்படியெல்லாம் நடந்துகொள்வது அழகில்லை.

மூன்று மணிக்கு விழுந்தாள். கூட்டம் விலகியது. தூக்கி உட்கார வைத்தவர்களிடம் என்னைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அதோ, தூணாண்ட நிக்கறாரே, அவரு எங்க பாவா."

ஒரு காவலர் வந்து என்னை அழைத்துப்போனார். சக்கர நாற்காலியில் வைத்திருந்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா நாடி பார்த்துக்கொண்டிருந்தார். இதயம் ரொம்ப வேகமாக அடிக்கிறது என்றார். என்ன சாப்பிட்டார்கள், ஏதாவது மருந்து மாத்திரை உண்டா என்று கேட்டார்.

"கிருத்திகை விரதம் மேடம். எங்களுக்கு ஊரு திருத்தணி. நேத்துலேந்து பச்சத்தண்ணி கூட வாயில வெக்கல."

டாக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. "எங்க அம்மாவும் இப்படித்தாங்க, சொன்னா கேக்க மாட்டாங்க," என்றார். குளுக்கோஸ் ஏற்ற ஏற்பாடு செய்தார்.

கயல்விழி என் கையைப் பிடித்து இழுத்தாள். குரல் சன்னமாக வந்தது.

"சொல்லிடுங்க பாவா. தங்கம் போனா போகுது, அவங்களே எடுத்துக்கட்டும். என்னால முடியல. பாப்பா எதிர்பாத்துகினு இருக்கும்."

டாக்டர் நிமிர்ந்து, "என்ன தங்கம்?" என்று கேட்டார்.

"பசி மயக்கத்துல ஒளறுது மேடம். வீட்டு நகைய நெனச்சுகினு பேசுது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பாவாவுக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று பார்ப்பதுபோல இருந்தது. இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் உடம்பு வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலும் விரத மயக்கம் என்று எழுதித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்தரைக்கு முடிந்துவிட்டது.

அது தங்கம் இல்லை, போதைப்பொருள் என்று எனக்குத் தெரியும். உருண்டைகளைக் கொடுத்தவன் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தான். ஒன்று உடைந்தால் நேரம் அதிகம் இருக்காது, ஆனால் டாக்டருக்கு உள்ளே இருப்பது என்னவென்று உடனே தெரிந்தால் காப்பாற்ற வழி உண்டு என்று. அவள் இரண்டாவது வளைவில் முகத்தைத் துடைத்தபோதே ஒன்று உடைந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. டாக்டர் அம்மா கேட்டபோதும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அது என் வாயில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் நான்தான் அவளைக் கொன்றேன்.

ஜெயிலுக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று நேற்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். அந்த நேரத்தில் ஜெயில் என் ஞாபகத்துக்கே வரவில்லை. சொல்லிவிட்டால் என் பதிவை எடுத்துவிடுவார்கள், மறுபடி எல்லாரோடும் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. இந்த வழக்கு முடியும்வரை அதை ரத்து செய்ய வேண்டாம் என்று மேலிடத்துக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். அது இன்னும் நாலு வருடத்துக்குச் செல்லும், ஐயா.