மாசானம் போட்ட பூட்டு

பெயர் எவாஞ்சலின், வயது முப்பத்தொன்று, கணவர் பெயர் மாசானம், காலமாகிவிட்டார். வல்லக்கோட்டை போகும் ரோட்டில் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் உள்ள வாடகை வீட்டில் என் தாயார் லூர்து மேரி, மகள் ஷாலின் ஆகியோருடன் குடியிருக்கிறேன். ஒரகடத்தில் காருக்குத் தகரப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஆப்பரேட்டராக வேலை செய்கிறேன். என்னை யாரும் இந்த ஸ்டேஷனுக்குப் பிடித்து வரவில்லை. நானாகத்தான் ஷேர் ஆட்டோ ஏறி வந்தேன். தலைமைக் காவலர் சசிரேகா அம்மா கேட்கக் கேட்க நான் சொல்வது பின்வருமாறு.

என் கணவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவரும் இதே கம்பெனியில் இதே பிரஸ்ஸில்தான் வேலை பார்த்தார். அந்த மிஷினில் மேல் அச்சு இறங்கித் தகரத்தை அமுக்கும். தகரம் சிக்கிக்கொண்டால் ஆள் உள்ளே புகுந்துதான் எடுக்க வேண்டும். உள்ளே போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன்னுடைய சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே சாவி. பூட்டில் அவரவர் போட்டோ தொங்கும். போட்டவர்தான் கழற்ற வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. பூட்டியதை மறந்து ஒருவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால், பாதி வழி போன கம்பெனி பஸ்ஸை நிறுத்தி அவரைத் திருப்பிக் கூட்டி வருவார்கள். இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்தப் பூட்டு பூட்டியிருந்தால்தான் சாவி வெளியே வரும். திறந்து கிடக்கும் பூட்டிலிருந்து சாவியை உருவ முடியாது.

போன வருடம் மழைக்காலத்தில், பகல் ஷிஃப்டில், உள்ளே இருக்கும்போது மேல் அச்சு இறங்கி என் கணவர் இறந்துபோனார். பூட்டுப் போட மறந்துவிட்டார் என்று லைன் சூப்பர்வைசர் ஸ்ரீதர் விசாரணையில் சொன்னார். அதையே எழுதி முடித்துவிட்டார்கள். மறக்கிற ஆளா அவர்? வீட்டில் மிக்ஸியைத் துடைப்பதற்குக்கூட பிளக்கைப் பிடுங்கி ஒயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் துணியைத் தொடுவார். “யோவ், மிக்ஸி தொடைக்கிறியா, பாம்பு புடிக்கிறியா?” என்று நான் கத்துவேன். ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டையை என்னிடம் கொடுத்தபோது பையில் சாவி இருந்தது. பூட்டு எங்கே என்று கேட்டேன். கிடைக்கவில்லை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். பூட்டைப் பூட்டாமல் சாவி எப்படி அவர் பைக்கு வந்தது என்று கேட்டதற்கு, போய் ஓய்வெடும்மா என்றார்கள். அதன் பிறகு இரக்கப்பட்டு எனக்கு வேலை கொடுத்தார்கள், அதே லைனில், அதே ஸ்ரீதருக்குக் கீழே. வயிறு இருக்கிறதே, போனேன்.

என் கணவருக்குப் பழைய படம் என்றால் பைத்தியம். அதிலும் கோபமும் பழிவாங்கலும் உள்ள கறுப்பு வெள்ளைப் படங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் போட்டுவிடுவார். புதுப் படத்தில் ரத்தம்தான் வருகிறது, பயம் வரவில்லை என்பார். “நெசமா கோவம் வந்தவன் கத்தமாட்டாம்ட்டி எவா. சிரிப்பான். அப்பந்தான் எதிராளிக்கு வயித்தக் கலக்கும்” என்பார். அவருக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தில், தம்பியைக் கொன்றவர்களின் வீட்டு வாசலில் அண்ணன் விடிகாலையில் செத்தவனின் செருப்பை ஜோடியாக வைத்துவிட்டுப் போவான். வேறு ஒன்றும் செய்யமாட்டான், சத்தமில்லை, பாட்டில்லை. அந்தச் செருப்பு வீட்டைப் பார்த்து இருக்கும். “பாத்தியா, இது போறவன் செருப்பு இல்ல, உள்ள வாறவன் செருப்பு” என்று அவர் சொல்லும்போது எனக்கு மயிர்க்கால் எழுந்து நிற்கும். கடைசியில் வில்லன் தானாகவே எல்லாவற்றையும் கக்குவான். அதன் பிறகு அண்ணன் அவன் முகத்தைப் பார்த்துத்தான் அடிப்பான், முதுகில் அடிக்கமாட்டான்.

அவர் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் கேட்டுப் பாப்பா வந்தால் ஏன் அழுகிறாய் என்று கேட்பாள் என்பதால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வசனம் எல்லாம் அவர் குரலில்தான் எனக்குள் கேட்டது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அதே மாதிரி சிவப்புப் பூட்டு ஒன்று வாங்கி, என் கணவரின் போட்டோவைப் பிரிண்ட் போட்டு அதில் கட்டி, காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்பு யாருக்கும் தெரியாமல் மெயின் சுவிட்சில் மாட்டினேன். மிஷின் ஓடவில்லை. செத்தவன் பூட்டை யார் கழற்றுவது என்று ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். மெயின்டனன்ஸ் கன்னியப்பன் அண்ணன்தான் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவந்து, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே கட்டரால் வெட்டினார். ஸ்ரீதர் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு பாத்ரூம் பக்கம் போனார், வெகுநேரம் வரவில்லை. சில வாரம் கழித்து இன்னொரு பூட்டு மாட்டினேன். அதன் பிறகு அவர் கேன்டீனில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். யாராவது பின்னால் நடந்தால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதச் சொன்னேன்.

மூன்றாவது பூட்டு நான் வாங்கவில்லை. மாதா அறியச் சொல்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் தகரம் சிக்கியது. வெளியே லோடு வண்டி காத்துக்கொண்டிருந்தது. ரெண்டு நிமிஷ வேலை என்று சொல்லி ஸ்ரீதர் பூட்டுப் போடாமல் தானே உள்ளே புகுந்தார். உள்ளே ஆள் இருந்தால் மிஷினை நிறுத்துகிற சென்சாரை, டார்கெட்டுக்காக அணைத்து வைப்பது அந்த லைனில் வழக்கம். நான் பட்டன் முன்னால் நின்றிருந்தேன். கரண்ட் வருகிறது என்று காட்டும் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. படத்தில் இப்படி இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் அவர் தற்செயலாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, ஒன்றுமே இல்லை, வேலை நடக்கிற முகம். நான் பட்டனை அழுத்தினேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்த மிஷின் ஓடும். நான் இரண்டு கையாலும் அழுத்தினேன்.

மேல் அச்சு இறங்கவில்லை. மறுபடி அழுத்தினேன், அப்போதும் இறங்கவில்லை. ஸ்ரீதர் தகரத்தோடு வெளியே வந்து, ஓட்டச் சொல்லியும் ஓடாததால் மிஷினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கன்னியப்பன் அண்ணன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டார். “எவா, இங்க வாம்மா. மெயினு அணஞ்சி பூட்டிக்கீது. லைட்டு எப்டிம்மா எரியுது?”

நாங்கள் எல்லோரும் போனோம். சிவப்புப் பூட்டு தொங்கியது. நான் வாங்கிய மாதிரி புதிது இல்லை, பழையது. போட்டோ என் கணவர் கல்யாணத்துக்கு முன்பு மீசை வைக்காமல் எடுத்தது, கம்பெனி எடுத்தது, என்னிடம் அந்தப் படம் கிடையாது. லேமினேஷனுக்குள் பாசி படர்ந்து கண்ணுக்குக் கீழே வரை வந்திருந்தது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வாளித் தண்ணீர்கூடச் சுடும். பூட்டு சில்லென்று இருந்தது. நான் இன்னும் கழற்றாத தாலிக் கயிற்றில் கோத்து வைத்திருந்த, ஆஸ்பத்திரியில் கிடைத்த அவர் சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திரும்பியது. பயந்துபோய் மறுபடி பூட்டிவிட்டேன்.

அப்போது ஸ்ரீதர் கீழே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “இத்த நான் கட்டர்ல வெட்டி ஏரில கடாசினேன். வெட்டித்தான் போட்டேன். எப்டிடா முழுசா வந்துச்சி? டீ குடிக்கப் போய்ட்டான்னு நெனச்சிதான் வெட்னேன். உள்ள இருந்தான்னு சத்தியமா தெரியாது. நான்தான் பட்டன அமுக்கினேன்.” இதைக் கன்னியப்பன் அண்ணனும் லைனில் இருந்த மற்றவர்களும் கேட்டார்கள். படத்தில் இந்த இடத்தில் நான் கைதட்டுவேன். அன்றைக்கு எனக்குக் கை எழவில்லை. பாவி, உன்னைக் கொல்ல இருந்தேனே, அவர் விடவில்லையே என்று தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஸ்ரீதரும் அழுதார்.

அந்தப் பூட்டை நான் மாட்டவில்லை. ஸ்ரீதர் உள்ளே போகும்போது பின்பக்கம் எட்டி என் கண்ணால் சுவிட்சைப் பார்த்தேன், அதில் எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்துகொண்டுதான் அழுத்தினேன். யார் மாட்டினார்கள் என்று கேட்டால், போட்டோவில் இருப்பவர்தான் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை. இன்றைக்கும் அது அங்கேயே தொங்குகிறது. கன்னியப்பன் அண்ணன் கட்டரை எடுக்க மறுத்துவிட்டார். சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று ஆபீஸ் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “நீ அழுத்துனத நாங்க யாரும் பாக்கல. அவரு சொன்னத நீ கேக்கல. வேலையப் பாத்துகினு இரு, சரியா?” என்றார்கள். என் தாயாரும், “கம்முனு கெடடி, பொண்ணு ஒண்ணு கீது உனக்கு” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் இரவெல்லாம் யோசித்தேன். நான் அழுத்தியதைச் சொல்லாமல் விட்டால், மிஷின் ஓடாமல் பின்பக்கம் போய்ப் பூட்டைப் பார்த்த கதையும் இல்லை, ஸ்ரீதர் வாயிலிருந்து வந்ததும் இல்லை. ஒன்றை எழுதினால் இன்னொன்றையும் எழுத வேண்டும்.

இது என் மேலேயே கேஸாகும், தெரிந்துதான் சொல்கிறாயா என்று சசிரேகா அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். தெரியும் என்றேன். பள்ளிக்கூடத்தில் ஷாலினிடம், உங்கப்பா மறந்துபோய்த்தான் செத்தார் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் தண்ணி பாட்டிலை எடுத்தேனா, டிபன் பாக்ஸை எடுத்தேனா என்று பையைத் திறந்து திறந்து பார்க்கிறாள். இனிமேல் உங்கம்மா ஜெயிலில் இருக்கிறாள் என்று சொல்வார்கள். சொல்லட்டும், அது உண்மையாக இருக்கும். அவள் அப்பா மறக்கவில்லை.

மேலே எழுதியது முழுவதும் என் வாயால் நான் சொன்னது. யார் மிரட்டியும், யார் ஆசை காட்டியும் சொல்லவில்லை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், ஒரு வரியையும் நீக்கச் சொல்லவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
மா. எவாஞ்சலின்