வரிசையின் கடைசியில் நடந்த பெரியக்காவுக்கு

கோடை விடுமுறை பிறந்ததும் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கும் பிள்ளைகளைப் பேர் சொல்லி அழைத்த பேரன்பே! திருச்சபையின் கோடை முகாமை முப்பது ஆண்டுகள் முகம் சுளிக்காமல் நடத்திய முதல்வியே! வாயில் விசிலும், கையில் சாவிக்கொத்தும், இடுப்பில் வீட்டு நினைப்பில் விசும்பும் குழந்தையுமாக வளாகமெங்கும் வலம் வந்த வல்லமையே! எங்கள் பெரியக்காவே! வணக்கம்.

அடைமொழி உங்களுக்கு ஆகாது என்பது தெரியும். "என்னப் பத்தி ஏதாவது எழுதிப் படிச்சீங்க, பாதியிலேயே எழுந்து போயிடுவேன்" என்று பாட்டு வாத்தியாரான என்னை முன்கூட்டியே மிரட்டியும் வைத்தீர்கள். அதனால்தான் இந்த உணவுக்கூடத்து மேடையில் உங்களுக்கு ஒருபுறம் ஆயரையும் மறுபுறம் சமையலம்மாவையும் உட்கார வைத்திருக்கிறோம். ஆயரை ஒருவேளை தாண்டலாம். சமையலம்மாவைத் தாண்ட முடியாது.

அன்னையே! மருந்து கசக்கிறது என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் முதல் சொட்டை நீங்கள் குடித்துக் காட்டினீர்கள். மழையில் கூடாரம் சாய்ந்தால் முதல் கயிற்றை நீங்கள் இழுத்துப் பிடித்தீர்கள். ஜெபத்துக்கு எல்லோரையும் கண்மூடச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பீர்கள்; ஒரு கண்ணைத் திறந்து பார்த்த நாங்கள் அனைவரும் அதற்குச் சாட்சி. குறையே இல்லாதவர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தச் சாவிக்கொத்தை நீங்கள் யாரையாவது தொட விட்டதுண்டா?

ஆனாலும், உங்கள் பெருமையெல்லாம் ஒரே பழக்கத்தில் அடங்கும் என்பது என் எண்ணம். ஓடைக்கு நடைபோகும் நாளில், முன்னால் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அந்தச் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, நீங்கள் எப்போதும் வரிசையின் கடைசியில் நடந்தீர்கள். தலைவர் என்றால் முன்னால் நடப்பவர் என்று நம்பி வந்த எங்களுக்கு அது விந்தையாக இருந்தது. கேட்டதற்கு, "முன்னால போறவங்களுக்கு வழி தெரிஞ்சாப் போதும். கடைசியில வர்றவங்களுக்குப் பிள்ளைங்களத் தெரியணும்" என்றீர்கள்.

காலம் உங்கள் முழங்காலில் கை வைத்தது. அடுத்த தலைமை அமையாவிட்டால் முகாமையே மூடிவிடுவதென்று ஆலயக் குழு முடிவெடுத்தது. நீங்கள் கலங்கவில்லை, நம் கணக்கு வாத்தியாரையும் அவர் மனைவியான செவிலியம்மாவையும் கை காட்டினீர்கள். இதே முகாமில் பாத்திரம் கழுவும் முறைவேலையில் அறிமுகமாகி, கரண்டிக்காகச் சண்டை போட்டு, கல்யாணத்தில் முடிந்த ஜோடி அல்லவா!

பழகட்டும் என்று போன கோடையில் ஓடை நடையை அவர்களிடம் விட்டீர்கள். அன்று நடந்ததை இந்தக் கூடம் மறக்காது. மனைவி கடைசியில் வருகிறார் என்று கணவர் நம்பினார். கணவர் கடைசியில் இருக்கிறார் என்று மனைவி நம்பினார். ஆளுக்கொரு கூட்டத்தோடு கதை பேசியபடி இருவருமே நடுவில் நடந்தார்கள். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு தட்டு மட்டும் எடுப்பாரில்லாமல் கிடந்தது. கணக்கு வாத்தியாருக்கே கணக்கு உதைத்தது. செவிலியம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விழிப்பதற்குள், அந்த முழங்காலோடு நீங்கள் பாதி வழி போயிருந்தீர்கள். நாங்களும் பின்னால் ஓடி வந்தோம்.

செருப்பு வார் அறுந்து பின்தங்கிய அந்தச் சிறுமி, "வழி தப்பினா நடக்காத, உட்கார்ந்து சத்தமாப் பாடு" என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். சுதி ஒருநாளும் சேராத குரல் அது. ஆனாலும் அதைவிட இனிமையான பாட்டை நான் கேட்டதில்லை.

அன்று மாலை இருவரும் உங்கள் முன் வந்து நின்றார்கள். "எங்களால முடியாதுக்கா, வேற யாரையாவது பாருங்க" என்று கணக்கு வாத்தியார் சொல்ல, அவர் மனைவி அழுதார். நீங்கள் திட்டவில்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை. "ஒருத்தர ஒருத்தர் நம்பினீங்க, அது தப்பில்ல. ஆனா வாயத் தொறந்து கேட்டுக்கல, அதுதான் தப்பு. எனக்குக் கேக்க ஆளில்ல. அதனாலதான் காலமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே நடந்தேன்" என்றீர்கள். பிறகு தொப்பியைக் கழற்றி, இந்தக் கூடத்துச் சுவரில் இருக்கும் அந்த ஆணியில் மாட்டி, "யார் தலையில இது இருக்கோ அவங்கதான் கடைசி. யோசிச்சுச் சொல்லுங்க" என்று முடித்தீர்கள்.

அக்கா, நீங்கள் தனியாகச் சுமந்ததைத் திறமை என்று நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். அதற்குள் எவ்வளவு தனிமை இருந்தது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அதன்பின் நீங்கள் அவர்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனால் ஆலயத்தில் அவர்களைக் காணும்போதெல்லாம் உங்கள் கண்கள் கேட்டதை நாங்கள் பார்த்தோம். தொப்பி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியக்கா, இப்போது அந்த ஆணியைப் பாருங்கள். தொப்பி அங்கே இல்லை. கணக்கு வாத்தியார் இதோ வாசலில், வரிசைக்கு முன்னால் நிற்கிறார். கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால், சிவப்புத் தொப்பியோடு அவர் மனைவி நிற்கிறார். "அடிக்கடி மாத்திக்குவோம், ஆனா கேட்டுட்டுத்தான் மாத்துவோம்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முகாம் நடக்கும், அக்கா. அழுங்கள், பரவாயில்லை, சமையலம்மா உங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார்.

முழங்கால் வலி தணிந்து, ஆறிப்போகாத சோற்றை அமர்ந்து உண்டு, இரு கண்ணையும் மூடி நிம்மதியாக ஜெபித்து, நீங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ ஆண்டவரை வேண்டுகிறோம்.

மடல் முடிந்ததும் எல்லோரும் ஓடைவரை நடக்கப் போகிறோம், உங்கள் கால் போகிற வேகத்தில். சாவிக்கொத்தைச் செவிலியம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்று நீங்கள் முன்னால் நடங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம் அக்கா. பின்னால் ஆள் இருக்கிறது.

என்றும் உங்கள் வரிசையில் நடக்கும்,
கோடை முகாம் ஊழியர்கள்