ஒரு வருஷம் காத்திருக்கப் போகிறவள்

பேரையூரிலிருந்து மதுரைக்கு வரும் காலை பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் சான்றிதழ் ஃபைலோடு. மதுரையில் ஒரு கல்லூரியில் இருவருக்கும் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைத்திருந்தது, அன்றுதான் சேர வேண்டும். திருமங்கலம் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“நான் சேரலடி. ஒரு வருஷம் சும்மா இருக்கப் போறேன்.”

“கிறுக்கா ஒனக்கு?”

“பெங்களூர்ல அந்தப் பெரிய சயின்ஸ் காலேஜுக்கு இன்டர்வியூ போனேன்ல, அங்கதான் படிக்கணும். இந்த வருஷம் கெடைக்கல. அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வ மறுபடி எழுதுறேன்.”

“பெரிய பேருங்கிறதுக்காக ஒரு வருஷத்தத் தொலைப்பியா?”

“பேருக்கு இல்லடி. அங்க பட்டப்பகல்ல டெலஸ்கோப்புல சூரியனக் காட்டுனாங்க. அது மேல கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அதுக்குள்ள நம்ம பூமி முழுசா அடங்கிருமாம். காட்டுனது வாத்தியாரு இல்ல, ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணு.”

“பூமி அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

திருநகர் வரை தோழி ஜன்னல் வழியே வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கும் வெளியே அடித்த வெயிலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“மறுபடியும் கெடைக்கலைன்னா?”

“ஒனக்கு ஜூனியரா வாரேன்.”

தோழி கொஞ்சம் யோசித்தாள். “சரி. நான் எழுதுற நோட்டெல்லாம் வாராவாரம் தாரேன். படி.”

கல்லூரி நிறுத்தத்தில் தோழி மட்டும் இறங்கினாள்.